தரைத்திணை: டைல்ஸ் மேஸ்திரியை அமர்த்துதல் பற்றிய இலக்கண ஆராய்ச்சி

வீட்டுக்கு டைல்ஸ் போட ஆள் பிடிப்பதைப் பற்றி நம்மவர்கள் சொல்லும் யோசனைகள் அனைத்தும் பொருளியல் சார்ந்தவை. நாலு பேரிடம் ரேட் கேள், ரொம்பக் குறைச்சலாகச் சொல்பவரை நம்பாதே, எழுதி வாங்கிக்கொள், மொத்தப் பணத்தையும் முதலிலேயே கொடுத்துத் தொலைக்காதே. இவற்றில் தவறேதும் இல்லை. ஆனால் நான்கையும் கடைப்பிடித்தவர் வீட்டிலும் ஹால் பாதியில் நிற்கிறது. ஒன்றையும் கடைப்பிடிக்காதவர் வீட்டிலும் பாதியில்தான் நிற்கிறது. ஆகவே கோளாறு கோட்பாட்டில் இருக்கிறது. மேஸ்திரிக்கும் வீட்டுக்காரருக்கும் இடையே நடப்பது 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்துக்குள் அடங்குவதன்று. தொல்காப்பியப் பொருளதிகாரத்துக்குள் அடங்குவது. அதிலும் புறம் அன்று, அகம். இதுவே இக்கட்டுரையின் துணிபு.

புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்று அகத்துக்கு உரிப்பொருள் ஐந்து. பத்துக்குப் பன்னிரண்டு அடிப் படுக்கையறை ஒன்றுக்குத் தரை போட்டு முடிப்பதற்குள் இந்த ஐந்தும் நிகழ்ந்துவிடுகின்றன. சில வீடுகளில் ஒரே வாரத்தில். ஓர் ஒப்பந்தக்காரரோடு இப்படியெல்லாம் நேராது. பெயின்டரோடு நேராது, எலக்ட்ரீஷியனோடு நேராது. அவர்கள் செய்த தவறு சுவருக்குள்ளோ சுண்ணாம்புக்குள்ளோ மறைந்துவிடும். டைல்ஸ் மேஸ்திரி செய்தது ஆயுள் முழுக்கக் காலுக்கடியில் கிடக்கும்.

மாந்தரை முதலில் வரையறுப்போம். தலைவன், மேஸ்திரி. தலைவி, வீட்டுக்காரர். அவர் மீசை வைத்த, ஓய்வுபெற்ற தலைமை எழுத்தராகவே இருந்தாலும் இலக்கணப்படி தலைவிதான். வாசலைப் பார்த்துக் காத்திருப்பவர் எவரோ அவரே தலைவி. தோழியின் இடத்தில் வீட்டம்மா. தலைவியைவிடத் தெளிவானவர். "அந்தாளு வரமாட்டாருன்னு நான் அன்னிக்கே சொன்னேன்" என்பது தோழி கூற்று. அகப்பாட்டில் யாருடைய பெயரையும் சுட்டிச் சொல்லக்கூடாது என்பது மரபு. அதை நம் மக்கள் செல்போனிலும் காப்பாற்றி வருகிறார்கள். எந்த வீட்டுக்காரரின் போனைத் திறந்தாலும் மேஸ்திரியின் பெயர் இராது. 'டைல்ஸ் 1', 'டைல்ஸ் புதூர்', 'டைல்ஸ் தாடி', 'டைல்ஸ் எடுக்க மாட்டார்' என்றுதான் இருக்கும்.

அடுத்து முதற்பொருள், அதாவது நிலமும் பொழுதும். நிலம் என்பது பூச்சு வேலை முடிந்து கதவு மாட்டாத வீடு. பெரும்பொழுது இரண்டு: ஆடியும் மார்கழியும். இவ்விரு மாதங்களிலும் யாரும் பால் காய்ச்சிக் குடி போவதில்லை. அதனால் ஆவணியின் முதல் முகூர்த்தத்துக்கும் தையின் முதல் முகூர்த்தத்துக்கும் ஊரே நாள் குறிக்கிறது. அத்தனை வீட்டுத் தரையும் அதற்கு முந்தைய ஒரே மாதத்தில் முடிந்தாக வேண்டும். ஊரில் இருக்கும் மேஸ்திரிகளோ அதே பழைய பத்துப் பேர். கிரகப்பிரவேசப் பத்திரிகை அடிக்குமுன் ஜோசியரைக் கேட்காதவர் இல்லை. மேஸ்திரியைக் கேட்டவரைத்தான் காணோம். சிறுபொழுது, பதினோரு மணி டீக்குச் சற்று முன்னும் சனிக்கிழமை மாலையும். சனி மாலை கூலி நாள். அன்று மட்டும் தலைவன் தானே தேடி வருவான்.

கருப்பொருளை விரைவாகச் சொல்லிவிடலாம். பறை, கட்டிங் மெஷின். யாழ், சிமெண்ட் மூட்டை மேல் வைத்த செல்போனில் ஒலிக்கும் இளையராஜா. உணவு, டீயும் வடையும். தெய்வம், வாசலில் தொங்கும் திருஷ்டிப் பூசணி. விலங்கு, இரவில் உள்ளே வந்து, அன்று மாலைதான் கிரௌட் போட்ட தரையில் உலாவிவிட்டுப் போகும் தெரு நாய். கதவு மாட்டாத வீடு என்று முன்பே கூறினோம்.

இனிக் களவு. காட்சி பெரும்பாலும் வேறொருவர் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் நிகழ்கிறது. எல்லோரும் பந்திக்கு இடம் பிடிக்கும்போது ஒருவர் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு, பெருவிரலால் இரண்டு டைல் சேரும் இடத்தைத் தடவிக்கொண்டிருப்பார். மேடு தட்டவில்லை என்றால் நிமிர்ந்து, "யாருங்க வேலை?" என்று கேட்பார். இப்படி நண்பர் வழியாகக் கூடுவதை இலக்கணம் பாங்கற்கூட்டம் என்று பெயரிட்டு ஏற்றுக்கொள்கிறது. நம் ஆய்வும் இதையே பரிந்துரைக்கிறது. போட்டு ஒரு மழைக்காலம் கடந்த தரையைத் தடவிப் பார்ப்பது, போனில் காட்டும் படங்கள் ஐம்பதைப் பார்ப்பதைவிட நம்பகமானது. படத்தில் எல்லாத் தரையும் பளபளக்கும்; வாட்டம் படத்தில் தெரியாது.

முதல் சந்திப்பில் மேஸ்திரி பேசுவதற்கென்று ஒரு மங்கல வாக்கியம் உண்டு. உள்ளே வருவார், சுவரை ஒரு தட்டுத் தட்டுவார், மூலைக்குப் போய்க் குனிந்து பார்ப்பார், பிறகு கேட்பார்: "யாரு சார் பூசுனது?" பூசியவர் யாராக இருந்தாலும் இக்கேள்வி மாறாது. அவருடைய அண்ணனே பூசியிருந்தாலும் மாறாது. இதை அவையடக்கத்துக்கு நேர் எதிரான ஓர் உத்தி என்று சிலர் கொள்வர். நாம் அப்படிக் கொள்ளவில்லை. அறை செங்கோணமாக இல்லாவிட்டால் பூச்சிலோ பெயின்டிலோ அது தெரியவே தெரியாது. டைல்ஸ் போட்டதும் கடைசி வரிசை ஒரு முனையில் அகலமாகவும் மறுமுனையில் குறுகியும் வந்து ஊருக்கே காட்டிக் கொடுத்துவிடும். பழி விழப்போவது மேஸ்திரி மேல். ஆகவே அவர் கேட்பது முன்ஜாமீன். நல்ல மேஸ்திரி கேட்பதோடு நிற்க மாட்டார். மூலையிலிருந்து ஒரு சுவரில் 3 அடி, மறு சுவரில் 4 அடி குறித்து, குறுக்கே டேப் பிடித்து 5 அடி வருகிறதா என்று பார்ப்பார். வராவிட்டால், "ஒரு நூல் ரெண்டு நூல்னா சரி பண்ணிடலாம் சார், இது ஒரு இன்ச்சு போகுது" என்பார். எட்டு நூல் ஓர் அங்குலம். இப்படி டேப் பிடித்துப் பார்ப்பவரை விட்டுவிடாதீர்கள், ரேட் ரெண்டு ரூபாய் கூடவானாலும்.

இவ்விடத்தில் நம் ஆராய்ச்சியின் நடுப்பகுதியான கீற்றுச் சிக்கலுக்கு வருகிறோம். இதை இதுவரை எவரும் முறையாக ஆராயாதது வியப்புக்குரியது.

கடையில் 'ரெண்டுக்கு ரெண்டு' என்று விற்கப்படும் டைல் இரண்டு அடி இல்லை. அது 600 மில்லிமீட்டர். இரண்டு அடி என்பது 609.6 மில்லிமீட்டர். 1956-இல் மெட்ரிக் அளவுக்குச் சட்டம் இயற்றியாயிற்று. டைல் செய்யும் குஜராத்தின் மோர்பி ஆலைகள் மில்லிமீட்டரில் சுட்டு அனுப்புகின்றன. ஆனால் நம் கொத்தனார் இன்றைக்கும் அறையைப் 'பத்துக்குப் பன்னிரண்டு' என்றே கட்டுகிறார். பூச்சு போக உள்ளளவு 10 அடி என்றால் 3,048 மில்லிமீட்டர். ஐந்து டைல், நடுவே நாலு ஸ்பேசர் இடைவெளி 2 மில்லிமீட்டர் வீதம், ஆகக் கூடி 3,008. மிச்சம் 4 சென்டிமீட்டர். இந்த 4 சென்டிமீட்டருக்கு ஒரு கீற்று வெட்டி ஒட்டியாக வேண்டும். பன்னிரண்டு அடிப் பக்கத்திலும் இதே கதை, கீற்று இன்னும் சற்று அகலம். இரண்டு சுவரிலும் ஸ்கர்ட்டிங் ஒரு சென்டிமீட்டர் வீதம் விழுங்கினாலும் பாக்கி 2 சென்டிமீட்டர் கண்ணில் படும். கீற்று, இரண்டு அளவை முறைகள் ஒத்துப்போகாததற்கு ஒவ்வொரு வீட்டிலும் கிடக்கும் சாட்சி.

நம் முன்னோருக்கு இந்தச் சிக்கல் இல்லை. காவித் தரைக்கு மூட்டே கிடையாது. கொத்தனார் கரணையால் தேய்த்துத் தேய்த்தே ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரை ஒரே தரையாக இழுத்துவிடுவார். மொசைக் தரையை வீட்டிலேயே போட்டு, மெஷின் வைத்துத் தேய்த்தார்கள். வீடு முழுக்க வெள்ளைச் சேறு, ஆனால் கீற்று இல்லை. காரைக்குடிப் பக்கத்து ஆத்தங்குடிக் கல்லில் ஓரங்களுக்கென்றே தனியாகப் பார்டர் கல் உண்டு. மிச்சத்தைப் பார்டருக்கு வெளியே வெற்றுக் கல்லில் தள்ளிவிடலாம். கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணம் ஊற்றி, மணலும் சிமெண்டும் போட்டு, சுடாமல் தண்ணீரில் ஊறவைத்துக் கையால் செய்த அந்தக் கல், அறைக்கு ஏற்ப வளைந்து கொடுத்தது. ஆலை டைல் வளைந்து கொடுக்காது. அறைதான் வளைய வேண்டும்.

கீற்றை எங்கே வைப்பது என்பதில் மூன்று கட்சிகள் உள்ளன. முதல் கட்சி, பீரோ பின்னால் என்பது. வாசலில் நின்று பார்ப்பவருக்கு முழு டைல் தெரிய வேண்டும். எதிர்ச் சுவரோரம் கட்டிலோ பீரோவோ வந்துவிடும். பெரும்பான்மையான மேஸ்திரிகள் இக்கட்சியினர். இரண்டாம் கட்சி, கீற்றென்று ஒன்று இருப்பதையே மறுப்பது: "ஸ்கர்ட்டிங்ல மறஞ்சிடும் சார்." இதை நாம் ஏற்கவில்லை. மூன்றாவது, சிறுபான்மை. ஒரு முழு வரிசையைத் தியாகம் செய்து, 60-ஐயும் 4-ஐயும் கூட்டி இரண்டாகப் பிரித்து, இரு ஓரங்களிலும் ஏறக்குறைய 32 சென்டிமீட்டர் துண்டு வைப்பது. கண்ணுக்கு இதுவே நிறைவு. ஆனால் 60 சென்டிமீட்டர் டைலில் 32 சென்டிமீட்டர் துண்டு ஒன்றுதான் எடுக்க முடியும், இரண்டு எடுக்க முடியாது. எனவே இந்த அறைக்கு ஆறு வரிசை, வரிசைக்கு ஏழு, ஆக 42 டைல். பீரோக் கட்சியின்படி முழு டைல் 30, கீற்றுக்கு ஒன்று, 31.

கடைக்காரர் கணக்கு இன்னும் எளிது. பெட்டிக்கு 4 டைல், 16 சதுர அடி. 120 சதுர அடிக்கு ஏழரை, "எட்டுப் பெட்டி போதும் சார்". பெட்டியில் நிஜமாக இருப்பது 15.5 சதுர அடி. மேஸ்திரி பத்துப் பெட்டி என்பார். உடனே வீட்டுக்காரர் மனதில் சந்தேகம் முளைக்கும்: ரெண்டு பெட்டி எங்கே போகப் போகிறது? ஆராய்ந்து பார்த்தோம். 44 அடிச் சுற்றளவில் கதவுக்கு 3 அடி போக 41 அடிக்கு ஸ்கர்ட்டிங். நாலு அங்குல உயரம் என்றால் 21 துண்டு. ஒரு டைலுக்கு ஐந்து துண்டு வீதம் ஐந்து டைல் போயிற்று. கீற்று அறுக்கும்போது குறைந்தது இரண்டு உடையும். 31-உம் 5-உம் 2-உம் 38. ஒன்பதரைப் பெட்டி; அரைப் பெட்டி யாரும் தருவதில்லை. மேஸ்திரி சொன்ன பத்தே சரி. மூன்றாம் கட்சியின்படி 42 டைலுக்குப் பதினோரு பெட்டி. ஆனால் அங்கே ஓரங்களில் வெட்டிய 28 சென்டிமீட்டர் மிச்சத் துண்டுகளே ஸ்கர்ட்டிங்குக்குப் போதும். ஆக, அழகுக்கும் அவசரத்துக்கும் வித்தியாசம் ஒரே ஒரு பெட்டி. இதைத் தெரிந்துகொண்டு பேசும் வீட்டுக்காரரை மேஸ்திரிகள் சற்று மரியாதையோடும் நிறையச் சலிப்போடும் நோக்குகின்றனர்.

பெட்டிக் கணக்கு முடிந்ததும் உடன்போக்கு. மேஸ்திரியின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வீட்டுக்காரர் டைல்ஸ் கடைக்குப் போவது. கடைக்காரர் மேஸ்திரியை, "வாங்கண்ணே" என்றும் வீட்டுக்காரரை, "சொல்லுங்க சார்" என்றும் வரவேற்பதிலிருந்து உறவுமுறை புரிந்துவிடும். கூட்டி வந்தவருக்குக் கடையில் ஒரு கமிஷன் உண்டென்பது ஊரறிந்த மறைபொருள். கேட்டால் இருவரும் மறுப்பர். அதைத் துருவுவதைவிடப் பெட்டியைத் துருவுவது நல்லது. பெட்டி மேல் ஷேடு நம்பரும் பேட்ச் நம்பரும் அச்சிட்டிருக்கும். எல்லாப் பெட்டியிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே டிசைன், ஒரே கம்பெனி, ஆனால் வேறு பேட்ச் என்றால் சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக விழும்போது தரை இரண்டு நிறமாகத் தெரியும். குறைந்தால் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களின் வீடுகளில்தான் பூஜை அறைக்கு மட்டும் வேறு டிசைன் இருக்கிறது. அதற்குப் பின்னால் 'பூஜை அறை தனியாத் தெரியணும்னு' என்ற விளக்கம் பிறக்கும்.

அட்வான்ஸ் கைமாறும். இத்தோடு குறிஞ்சி முடிந்து பாலை தொடங்குகிறது.

பாலையின் இலக்கணம் எல்லோரும் அறிந்ததே, விரித்துரைக்கத் தேவையில்லை. இரண்டு நாள் ஆள் வருவார்கள், மணல் சலிப்பார்கள், பாதி அறைக்குக் கலவை போடுவார்கள். மூன்றாம் நாள் கரணையும் ரசமட்டமும் ஒரு மூலையில் இருக்கும், ஆள் இருக்க மாட்டார்கள். கருவி இருக்கிறதென்றால் மீண்டு வருவார் என்று ஆற்றியிருப்பது முல்லை. கட்டிங் மெஷினையும் எடுத்துப் போய்விட்டார் என்று தோழி வந்து சொல்வது நெய்தல்.

நாம் நின்று பேச வேண்டியது மருதம். தலைவன் வேறொரு வீட்டில் இருக்கிறான். சிலர் கண்ணாலும் கண்டார்கள்: புதூர் பக்கம் ஒரு மாடி வீட்டில், நம் வீட்டு ரப்பர் சுத்தியோடு. சங்கத் தலைவி இந்த இடத்தில் ஊடி, வாயில் மறுத்தாள். நம் தலைவி போன் செய்கிறார். "உங்க வீட்டுக்குத்தான் சார் வந்துக்கிட்டு இருக்கேன்" என்கிறது குரல். பின்னணியில் வேறொருவர் வீட்டுக் கட்டிங் மெஷின் அலறுகிறது. இதைப் பரத்தையிற் பிரிவு என்று வகைப்படுத்தி, தலைவனைப் பழித்து முடித்துவிடுவதே வழக்கம். ஆனால் உரை எழுத வந்தவன் தலைவன் பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

மேஸ்திரியிடம் இரண்டு ஜோடி ஆள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்: ஜோடிக்கு ஒரு பெரியாள், ஒரு கையாள். இன்றைக்கு அவர்களில் பாதிப் பேர் பீகாரிலிருந்தோ வங்காளத்திலிருந்தோ வந்தவர்கள். மேஸ்திரி அவர்களோடு பேசும் இந்தி வடக்கேயும் புரியாது, தெற்கேயும் புரியாது, தரை மட்டும் மட்டமாக வந்துவிடுகிறது. ஒரு நாள் வேலையில்லாமல் உட்கார வைத்தால் அவர்கள் மறுநாள் வேறு மேஸ்திரியிடம் போய்விடுவார்கள். இப்போது நம் வீட்டைப் பார்ப்போம். பாத்ரூமில் பிளம்பர் பைப்பை டெஸ்ட் பண்ணிக் கொடுத்தால்தான் சுவர் டைல் ஒட்ட முடியும். பிளம்பர் ஊருக்குப் போயிருக்கிறார். சுவரில் அடி வரிசையை விட்டு மேலே ஒட்டி, தரை போட்டபின்தான் அந்த அடி வரிசையை ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் சுவரும் தரையும் சேரும் இடத்தில் தண்ணீர் இறங்கும். போட்ட தரையில் மறுநாள் யாரும் கால் வைக்கக்கூடாது. காய்ந்த பிறகுதான் கிரௌட். நடுவில் வீட்டம்மா சமையலறை டைலை மாற்றப் போவதாகச் சொல்லியிருக்கிறார். கடையில், "ஸ்டாக் இல்ல, மோர்பியிலேருந்து லோடு வரணும்" என்கிறார்கள். இத்தனை இடைவெளியிலும் நாலு பேருக்குச் சனிக்கிழமைக் கூலி யார் கொடுப்பது? வீட்டுக்காரர் கொடுக்க மாட்டார். அவர் சதுர அடிக்குப் பேசியவர். ஆகவே மேஸ்திரிக்கு எப்போதும் மூன்று வீடு தேவை. ஒன்றில் காயும்போது ஒன்றில் ஒட்டலாம். ஒன்றின் அட்வான்ஸில் மற்றொன்றின் கூலியைக் கொடுக்கலாம். மூன்றும் ஒரே நாளில் தயாராகும்போதுதான் மருதம் பிறக்கிறது. ஆவணிக்கு முன்னால் மூன்றும் ஒரே நாளில்தான் தயாராகின்றன.

ஊடலைத் தீர்க்கத் தோழி, பாணன், கண்டோர் முதலாகப் பன்னிரண்டு வாயில்களைத் தொல்காப்பியம் வகுத்துத் தருகிறது. தரைத்திணையில் வாயில்கள் குறைவு. எலக்ட்ரீஷியன் ஒருவர், அவருக்கு எல்லா வீடும் தெரியும். டைல்ஸ் கடைக்காரர் ஒருவர். அவர் போனை மட்டும் மேஸ்திரி முதல் மணியிலேயே எடுப்பார். இதற்கிடையே அலர். எதிர் வீட்டுக்காரர் கோலம் போடும் இடத்தில் நின்று, "இன்னுமா தரை முடியல?" என்று கேட்பதும், அதற்கு, "முடியப் போவுதுக்கா" என்று சொல்வதும் நாள்தோறும் நடக்கும். வாயிலும் பலிக்காதபோது கடைசி வழி மடலேறுதல். காலை ஆறு மணிக்கு மேஸ்திரியின் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமல் நிற்பது. இலக்கணத்தில் மடல் தலைவனுக்கே உரியது, பெண்டிர்க்கு இல்லை. இங்கே விதி புரண்டிருக்கிறது. பலன் உண்டு. மேஸ்திரியின் மனைவி டீ கொடுப்பார், அவமானத்தில் பாதி மேஸ்திரிக்குப் போய்ச் சேரும், அன்று எட்டரைக்கு ஆள் வந்துவிடும்.

கைக்கிளை, பெருந்திணை இரண்டையும் விட்டுவிடக்கூடாது. பெரிய அடுக்குமாடி வேலை மட்டும் செய்பவரிடம் ஒரு பாத்ரூமைக் காட்டிக் கெஞ்சுவது கைக்கிளை. மச்சினனின் நண்பர் என்பதற்காக, சொந்தம் என்பதற்காக ஒருவரை வேலைக்கு வைப்பது பெருந்திணை. ரேட் பேச முடியாது, குறை சொல்ல முடியாது, தீபாவளிக்கு அவர் முகத்தில் விழித்தாக வேண்டும்.

வேலை நடக்கும்போது எழும் சொற்போர்களில் இரண்டு மட்டும் இங்கே. முதலாவது வாட்டம். அடிக்கு ஒரு நூல் என்பது பாத்ரூம் தரைக்கு வழக்கமான கணக்கு. ஏழு அடி நீளத்தில் ஏழு நூல், அதாவது ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. நாலு பக்கத்திலிருந்தும் தண்ணீர் டிராப்பைத் தேடி வர வேண்டுமென்றால் தரை லேசான கிண்ணமாக இருக்க வேண்டும். அதனால்தான் பாத்ரூம் தரைக்கு ஒன்றுக்கு ஒன்று டைல். பத்திரிகைப் படத்தைப் பார்த்துவிட்டு நாலுக்கு ரெண்டு டைலைப் பாத்ரூம் தரைக்கு வாங்கி வருபவர்களை மேஸ்திரி ஒன்றும் சொல்ல மாட்டார். இரண்டாக அறுத்துப் போடுவார், அறுப்புக் கூலி தனி. வாட்டத்தைச் சோதிக்க ஒரு வாளித் தண்ணீர் போதும், ஆனால் சிமெண்ட் காயுமுன், மேஸ்திரி இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். பிறகு ஊற்றினால் அது சோதனை ஆகாது, துக்கம் விசாரிப்பது.

இரண்டாவது சிமெண்ட் பாலா, பேஸ்டா என்பது. பழைய செராமிக் டைல் தண்ணீரைக் குடிக்கும். ஊறவைத்து, பின்னால் சிமெண்ட் பால் தடவி ஒட்டினால் பிடித்துக்கொண்டது. விட்ரிஃபைடு டைல் தண்ணீரை ஏறக்குறையக் குடிப்பதே இல்லை, அதன் எடையில் அரை சதவீதம்கூட உறிஞ்சாது. உள்ளே போகாத பால் எப்படிப் பிடிக்கும்? அதனால் பேஸ்ட். "நாங்க இருபது வருசமா சிமெண்ட்லதான் சார் ஒட்டுறோம், எதுவும் விழல" என்று மேஸ்திரி சொல்வார். தரையில் விழ இடமில்லை என்பதை அவர் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. சுவரில் விழும். அதிலும் டைலின் பின்னால் நாலு மூலைக்கும் நடுவுக்குமாக ஐந்து உருண்டை வைத்து அமுக்கி ஒட்டும் முறை ஒன்று இருக்கிறது. வேகமான முறை, உருண்டைக்கு இடையில் எல்லாம் காற்று. மறுநாள் ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிப் பார்த்தால், கலவை நிறைந்த இடம் 'டிக்' என்னும், வெற்றிடம் 'டொப்' என்னும். ஓரத்தில் எங்கோ ஒரு டொப் இருந்தால் மேஸ்திரியைக் கொல்லாதீர்கள். தட்டுகிற இடமெல்லாம் டொப் என்றால், கீசர் மாட்ட வருபவர் டிரில்லை வைத்ததும் தெரிந்துவிடும்.

கணக்குத் தீர்க்கும் கட்டத்தில் நமக்குக் கிடைக்கும் முதன்மைச் சான்றுகள் கல்வெட்டுகள். மேஸ்திரி கணக்கை நோட்டில் எழுதுவதில்லை, பூச்சுச் சுவரில் பென்சிலால் எழுதுகிறார். சமையலறை ஜன்னலுக்குப் பக்கத்தில் சதுர அடி, அதன் கீழே வாங்கிய பணம், ஓரத்தில் யாரோ ஒருவரின் போன் நம்பர், அதற்கும் கீழே கூட்டல் ஒன்று, அடித்துத் திருத்தப்பட்டது. கொடுத்த அட்வான்ஸெல்லாம் தேதி போட்டு அங்கேதான் இருக்கும். பெயின்டர் வந்து பட்டி அடித்த அன்று மொத்தச் சான்றும் அழிந்துவிடும். 'அஞ்சு கொடுத்தேன்', 'நாலுதான் வந்துச்சு சார்' என்று அதற்குப் பின் எழும் வழக்குகளுக்கு மூலப்படி கிடைப்பதில்லை. பட்டி அடிக்குமுன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்வது கல்வெட்டியலின் பால பாடம்.

அளவிலும் உரைவேறுபாடுகள் உண்டு. பாத்ரூம் சுவரை அளக்கும்போது ஜன்னலைக் கழிப்பதா, வேண்டாமா? டைல் இல்லாத இடத்துக்கு ஏன் கூலி என்பது தலைவி கூற்று. ஜன்னலைச் சுற்றித்தானே சார் வெட்டுவேலை என்பது தலைவன் கூற்று. ஓர் ஓட்டையைச் சுற்றி ஒட்டுவது வெற்றுச் சுவரில் ஒட்டுவதைவிடச் சிரமம் என்பதால் நம் சார்பு தலைவனுக்கே. ஸ்கர்ட்டிங் நீளத்தில் அளக்கப்படும். நாலு அங்குல உயரத்துக்கு ஓர் அடி ஓடினால் ஏறக்குறைய ஒரு சதுர அடிக் கூலி. மூன்று மடங்கு என்று கணக்குப் பார்த்து அதிர்ச்சி அடைபவர்கள், சுவர் நெடுகக் குந்தியபடியே நகர்ந்து ஒட்டுவதை ஒருமுறை பார்த்தால் போதும். தூணின் ஓரத்தை 45 டிகிரியில் அறுத்துச் சேர்ப்பது, படிக்குக் கிரானைட் மோல்டிங், இவை தனி. தனி என்பது முதல் நாளே சொல்லப்பட்டது; கேட்டது மட்டும் கடைசி நாளில்தான். எல்லாம் தீர்ந்த பின்னும் ஒரு சிறு பாக்கி நிற்கும். கொடுத்துவிட்டால் வாசற்படி கிரௌட் முடியாது என்பது வீட்டுக்காரர் அச்சம். முடித்துவிட்டால் பாக்கி வராது என்பது மேஸ்திரி அச்சம். இரண்டும் நியாயம். பல வீடுகளில் வாசற்படி இன்னும் கிரௌட் இல்லாமலேயே பால் காய்ச்சப்பட்டிருக்கிறது.

களவுக்குப் பின் கற்பு. மிஞ்சிய ஒரு பெட்டி டைலைப் பரண் மேல் ஏற்றி வைக்க வேண்டும். இரண்டு வருடத்தில் அந்த டிசைன் கடையில் இருக்காது. ஆனால் பரண் மேல் ஏற்றிய பெட்டி அப்படியே இருப்பதில்லை. ஒன்று கேஸ் சிலிண்டருக்கு அடியில் போகும், ஒன்று துளசி மாடத்துக்கு, ஒன்று அக்கா வீட்டுக்கு. கடைசி ஒன்று மட்டும் இருக்கும்போது சமையலறையில் குக்கர் மூடி விழுந்து ஒரு டைல் விரியும். வீட்டுக்காரர் 'டைல்ஸ் 1'-ஐத் தேடி எடுத்துப் போன் போடுவார். ஒரே மணியில் எடுத்துவிடுவார். இது ஆடி அல்ல, மார்கழி அல்ல. நலம் விசாரிப்பு முடிந்து, விரிந்த டைலைப் பற்றிச் சொன்னதும் மறுமுனையில் கொஞ்சம் யோசனை.

"ஒரு டைலுக்காக ஆளைக் கூட்டிட்டு வரணுமே சார்... மேல ரூம் எடுக்கிறதா அப்பவே சொல்லிட்டிருந்தீங்க, அது எப்ப ஆரம்பிக்கிறீங்க?"